பெட்டியில் போட்டிருந்த எண்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே அந்தக் கடை.
சுவர் முழுக்க டிவி.
எல்லாவற்றிலும் ஒரே தேன் சொட்டிக்கொண்டிருந்தது, பைய.
ஒரு ஆமை கண் திறந்தது.
ஒரு தாமரை அவசரமே இல்லாமல் விரிந்தது.

கிளீற்றஸ் என் காதில் சொன்னான்:
“கவனிச்சியா, இந்தக் கடையில ஒண்ணும் ஓடல்ல.”

அவன் எங்கள் மன்றத்தின் கோலி. நான் செயலாளர்.
சட்டைப்பையில் முப்பத்தெட்டாயிரத்து நானூறு,
ஆறு விசைப்படகுக்காரர்கள் தந்தது,
தாள்களில் இன்னும் சூரை மணம்.
உலகக் கோப்பைக்கு முன்னால்
டிவி தூத்தூர் வந்து சேரணும்.

ஒரு பெட்டியில் அறுபது ஹெர்ட்ஸ். ஒன்றில் நூற்றிருபது.
ஒன்றில் தங்க எழுத்தில் இருநூற்று நாற்பது,
விலையோ எல்லாவற்றிலும் குறைவு.
“அது பெட்டிக்க நம்பர். உள்ள அறுபதுதான்,” என்றாள் ஷைனி,
முதலாளி ஏசிப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து.

வினாடிக்கு அறுபது படம்.
ஒவ்வொன்றும் தன் முறை முடியும்வரை
நன்மை வாங்க நிற்கிறவர்களைப்போல
அசையாமல் நிற்கிறது.
கண் நிற்பதில்லை.
பந்தோடு அது முன்னே போய்விடுகிறது.
படம் நின்ற இடத்துக்கும் கண் போன இடத்துக்கும் நடுவே
இழுபடுகிற வெள்ளைதான் கலங்கல்.
“பாதிக் குற்றம் நம்ம கண்ணுக்குத்தான் அண்ணே.
நூற்றிருபதுன்னா நிக்கிற நேரம் பாதி,
இழுவையும் பாதி.”

கிளீற்றஸ் போனை நீட்டினான். “இதப் போடு மக்கா.”

ஒன்பது மாதமாய் எனக்குத் தெரியாமல் வைத்திருந்திருக்கிறான்:
வள்ளவிளைக்கு எதிரான இறுதி ஆட்டம்,
எண்பத்தெட்டாவது நிமிடம்.
கோட்டின்மேல் விழுந்து பிடித்தான்.
கோட்டுக்கு உள்ளே என்று விசில் அடித்தார் நடுவர்.
அன்று ராத்திரியே என்னிடம் கேட்டான்,
நீ கோலுக்குப் பின்னால்தானே நின்றாய் என்று.
கண் சிமிட்டிவிட்டேன் என்றேன்.

முதல் டிவியில் பந்துக்கு வால் முளைத்திருந்தது.

அடுத்ததில் பந்து வெண்ணெயில் வழுக்கி வந்தது.
கிளீற்றஸ் சீரியல் நடிகனைப்போல் மெதுவாகச் சரிந்தான்.
பந்து கோட்டுக்கு இந்தப் பக்கமே அவன் கையில் நின்றது.
“நின்னுச்சுல்லா!” என்றான்.
ஃப்ரிட்ஜ் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.
ஷைனி ரிமோட்டைப் பார்த்தபடி சொன்னாள்:
“ரெண்டு படத்துக்கு நடுவுல
இது தானா ஒண்ணு வரைஞ்சு சேர்க்கும் அண்ணே.”
ஏதோ ஒன்றை அணைத்தாள்.
பந்து மறுபடி புகை.

மூன்றாவதில் படங்களுக்கிடையே இருட்டைச் செருகிக் காட்டினாள்.
திரை மங்கியது, விளிம்பு கூர்மையானது.
வலையின் முடிச்சு தெரிந்தது.
கையுறையில் கிழிந்த பெருவிரல் தெரிந்தது.
பின்னால் தலை குனிந்து
தண்ணீர்ப் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டு நான்.
பந்து மட்டும் தெளியவில்லை.
“போன் எடுக்கும்போதே விழுந்த கலங்கல்.
அத எந்த டிவியாலயும் எடுக்க முடியாது.”

கிளீற்றஸ் என்னைப் பார்க்கவில்லை.
இரண்டாவது டிவியின் முன் போய் நின்றான்.
“அந்தப் பொய்ய இன்னொரு தடவ போடு.”
போட்டாள். பார்த்தான். “சரி, அணை.”

நூற்றிருபதுக்குப் பணம் பத்தவில்லை.
அறுபது என்றே எழுதியிருந்த அறுபதை வாங்கினோம்.

டெம்போவின் பின்பக்கம், நடுவில் பெட்டி.
புதுக்கடை தாண்டும்வரை பேச்சில்லை.
ரப்பர் மரங்கள் ஒரே பச்சைத் தீற்றலாக ஓடின.
ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு தலையைக் கூடவே திருப்பினேன்:
பட்டையில் வெட்டிய கோடு, சிரட்டை, அதில் பால்,
எல்லாம் தெளிவாக.
திரையில் கூடப் போனால் கலங்குகிறது.
இங்கே கூடப் போனால்தான் தெளிகிறது.
சொல்ல வாயெடுத்தேன்.

டெம்போ குழியில் இறங்கியது.
பெட்டி சரிந்தது.
கிளீற்றஸ் இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்தான்.

பார்த்தேன் என்றேன்.